இல்லாமையும் வாராமையும்

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் 2017 ஆம் ஆண்டு ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்னும் இரு சொற்கள் சேர்க்கப்பட்டன. அவை வந்த பின்னர், தொலைவிலுள்ள தரவுத்தளமொன்றை வினவி விடைபெறும் முறையிற் கற்பிப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை என்றதோர் எண்ணம் கணனித்துறை மாணவரிடையேயும் அவர்க்குக் கற்பிப்போர் சிலரிடையேயும் வேரூன்றியுள்ளது. வினவலுக்கு முன்னால் ‘அவெய்ட்’ என்று எழுதுக, விடை வந்துவிடும், அதனை மாறியில் இடுக, திரையிற் காட்டுக. நான்கு வரியில் முடிந்துவிடும் இப்பாடம் முற்றிலும் பொய்யன்று. ஆயின் அது விளக்குவதிலும் மறைப்பது பெரிது. விடை இல்லை என்பதற்கும், விடை இன்னும் வரவில்லை என்பதற்கும், விடை இனி வராது என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஒருநாளும் எதிர்கொண்டிராத நிரலாளர் தலைமுறையொன்றை அந்நான்கு வரிகள் உருவாக்கி வருகின்றன. அத்தலைமுறையின் கையிலிருந்து வெளிவரும் பொறிகள் பழுதுபடுவதில்லை. பழுதுபட்டாலாவது பார்ப்பவர் விழித்துக்கொள்வர். அவை அமைதியாக நின்று பொய் சொல்கின்றன.

தமிழ்ச் சங்க மலரொன்றில் இவ்வாதத்துக்கு இடமென்ன என்று கேட்பார் உளராயின், அவர் முற்றத்தில் நிற்கும் பிள்ளையை நோக்குவாராக. ‘அப்பா இல்லை’ என்று பிள்ளை சொன்னால் தேடி வந்தவர் திரும்பிச் செல்கின்றார். ‘அப்பா இன்னும் வரேல்லை’ என்று சொன்னால் திண்ணையில் அமர்கின்றார். ‘அப்பா இண்டைக்கு வரமாட்டார்’ என்றால் நாளை வருவதாகச் சொல்லிப் போகின்றார். மூன்று எதிர்மறைகள், மூன்று வேறு செயல்கள். பள்ளிக்குச் செல்லுமுன்னரே இவ்வேறுபாட்டைப் பிழையின்றிக் கையாளும் ஒருவர், பல்கலைக்கழகத்திற் சில ஆண்டுகள் பயின்றபின் எழுதும் நிரலில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகின்றாரெனின், குறை அவரது ஆங்கில அறிவில் இல்லை. தமக்குத் தெரிந்ததையே தாம் எழுதவேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை உதாரணமாகக் கொள்ளலாம். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்து சமுத்திரக் கரைகளில் அமைந்த கடல்மட்டமானி வலையமைப்பில் இத்துறைமுகமும் ஓர் இடம். யுனெஸ்கோவின் கீழ் இயங்கும் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணைக்குழு அம்மானிகளின் அளவுகளைத் திரட்டி இணையத்தில் எவரும் காண வெளியிடுகின்றது. துறைமுக வட்டாரத்தில் வளர்ந்த மாணவர் ஒருவருக்கு இதனிலும் நல்ல பயிற்சி கிடைப்பதரிது: தம் ஊர்க் கடலின் மட்டத்தை வினவித் தம் ஊரவருக்குத் தமிழிற் காட்டும் ஒரு பக்கம். அவர் எழுதக்கூடிய முதல் நிரல் பின்வருமாறு அமையும். ‘மட்டம்’ என்றொரு மாறி. அதன் தொடக்கப் பெறுமானம் பூச்சியம். அடுத்து வினவல் அனுப்பப்படுகின்றது. விடை வந்ததும் அதனை ‘மட்டம்’ என்பதில் இடுமாறு சார்பொன்று உடன் கொடுக்கப்படுகின்றது. அடுத்த வரி, ‘மட்டம்’ என்பதைத் திரையிற் காட்டுகின்றது. திரையில் தோன்றுவது: கடல்மட்டம் 0.

எங்கும் பிழைச்செய்தி இல்லை. நிரல் ஒழுங்காக ஓடி முடிந்தது. இங்குதான் இடர் உள்ளது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆகவே பூச்சியம் என்பது அங்கே நம்பத்தகாத அளவன்று. ஆயிரம் என்று தோன்றியிருந்தால் எவரும் சிரித்திருப்பர். பூச்சியத்தைக் கண்டு எவரும் ஐயுறார். கடல் அமைதியாக உள்ளதென்றே கொள்வர். ஆனால் அந்தப் பூச்சியம் கடலிலிருந்து வந்ததன்று. கடல் இன்னும் வாய் திறக்கவே இல்லை.

ஏன் இவ்வாறாகின்றது என்பதை விளக்கத் துறைமுகமே போதும். சீனக்குடாக் கரையிற் கோதுமைக் கப்பலை எதிர்பார்க்கும் மாவாலையொன்றைக் கற்பனை செய்க. முகாமையாளர் கோதுமைக்குக் கட்டளை அனுப்புகின்றார். அனுப்பிய மறுகணமே களஞ்சியக் கதவைத் திறந்து பார்த்து, ‘கையிருப்பு: பூச்சியம்’ எனப் பேரேட்டிற் பதிந்து, அப்பேரேட்டை நம்பி வெதுப்பகங்களுக்கெல்லாம் மா இல்லை என்று அறிவித்துவிடுகின்றார். அவரைப் பித்தர் என்போம். மேற்காட்டிய நிரல் செய்ததும் இதுவே. கட்டளைக்கும் சரக்குக்கும் இடையே ஒரு கடல் கிடக்கின்றது என்பதை இருவரும் மறந்தனர்.

அறிவுள்ள முகாமையாளர் என்ன செய்வார்? ‘கப்பல் வந்ததும் இன்னின்னவாறு இறக்குக’ என்று அறிவுறுத்தல் எழுதி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். ஜாவாஸ்கிரிப்டில் ‘கோல்பாக்’ எனப்படும் சார்பு அந்த அறிவுறுத்தலே. இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெரும்பாலான பாடங்கள் விட்டுவிடும் செய்தி அது. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு உள்ள வேலையாள் ஒருவனே. பொத்தானை அழுத்தினால் விடையிறுப்பவனும் அவனே; திரைக்கு உரியதை எழுதுபவனும், வந்த விடையை ஏற்பவனும் அவனே. அவன் கடற்கரையிற் கப்பலுக்காகக் கைகட்டி நின்றால் ஆலை முழுதும் நின்றுவிடும். ஆகவே அவன் நிற்பதில்லை. விடைகள் ஒரு வரிசையில் வந்து காத்திருக்கும்; கையிலுள்ள வேலையை முழுவதும் முடித்த பின்னரே அவன் வரிசையைத் திரும்பிப் பார்ப்பான். விடை வாயிலில் வந்து நின்றாலுங்கூட, நடுவில் அவனைத் தோளில் தட்டி எவரும் அழைக்கவியலாது. இந்த ஒரு விதியை நன்கு விளங்கிக்கொண்டவர்க்கு ஏனையவற்றுட் பல தாமே விளங்கும். அதனை விளங்காதவர்க்கு ‘அவெய்ட்’ ஒரு மந்திரமாகவே இருந்துவிடும்.

வரலாற்றைச் சற்று நோக்கின், இச்சிக்கல் ஒரு மொழியின் கோணலால் விளைந்ததன்று என்பது தெளிவாகும். பிரெண்டன் ஐக் என்பவர் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் 1995 மே மாதத்திற் பத்து நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை அமைத்தபோது, பக்கத்தைத் திரும்ப ஏற்றாமலே தொலைவிலுள்ள தரவை வினவுதல் அதன் பணியாக இருக்கவில்லை. அவ்வசதி 1999 இல் மைக்ரோசொவ்ற்றின் உலாவிவழி வந்தது. பின்னர் வினவலுக்குள் வினவல், அதற்குள் வினவல் என அறிவுறுத்தல்கள் ஒன்றனுள் ஒன்றாகப் புதைந்து, எழுதியவரே வழிதெரியாது திகைக்கும் நிலை தோன்றிற்று. அதிலிருந்து மீட்க 2015 இல் மொழியின் தரநிருணயத்திற் சேர்ந்தது ‘பிராமிஸ்’. ஆயின் அக்கருத்து அன்று பிறந்ததன்று. டானியல் பிரீட்மன், டேவிட் வைஸ் ஆகிய இருவரும் 1976 இலேயே அப்பெயரை இட்டிருந்தனர். 1988 இல் பார்பரா லிஸ்கொவ், லியூபா ஷ்ரீரா ஆகியோர் தொலைவிலுள்ள பொறிகளுக்கிடையிலான அழைப்புகளுக்கு அதனை விரிவாக வகுத்துக் காட்டினர். ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரண்டு பொறிகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வினா உண்டு. புதிய சொல்லொன்றைச் சேர்ப்பதால் அது தீராது.

இனிக் கலைச்சொற்கள். ‘அசிங்க்ரனஸ்’ என்பதற்கு ‘ஒத்திசைவற்ற’ என்று எழுதுவோர் உளர். ஒத்திசைவின்மை சங்கீதக் கச்சேரிக்குரிய குறை. மேளகாரர் ஒரு பக்கமும் நாதசுரகாரர் ஒரு பக்கமும் போவது. இங்கே அத்தகைய குறை எதுவும் நிகழவில்லை. வினவல் இப்போது, விடை பின்னர், அவ்வளவே. ‘பின்விடை வினவல்’ என்றால் பாடத்தின் பாதி பெயரிலேயே முடிந்துவிடும். ‘பிராமிஸ்’ என்பதை ‘வாக்குறுதி’ என்பதும் அத்தகையதே. வாக்குறுதி என்றதும் அரிச்சந்திரன் நினைவுக்கு வருகின்றான்; கொடுத்தவன் காப்பான் என்ற நம்பிக்கை உடன் வருகின்றது. இப்பொருளுக்கோ அத்தகைய ஒழுக்கமெதுவும் இல்லை. ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காலையிற் கொடுக்கப்படும் இலக்கத் துண்டே இதற்கு நேரான ஒப்புமை. துண்டு மருந்தன்று. துண்டு வைத்திருப்பவர் மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கின்றார்: இலக்கம் இன்னும் அழைக்கப்படவில்லை, அழைக்கப்பட்டு மருந்து கிடைத்தது, அழைக்கப்பட்டு, மருந்து இல்லை என்று சொல்லப்பட்டது. பின்னைய இரண்டனுள் ஒன்று நேர்ந்தபின் அத்துண்டின் நிலை மாறாது. துண்டையே மருந்தென்று வாயிலிட்டு விழுங்குபவர் ஒருவரும் இலர். ஆயின் விடைக்குப் பதிலாகத் துண்டையே திரைக்கு அனுப்பிவிட்டு, எண் தோன்றவேண்டிய இடத்தில் ஏதோ புரியாத சொற்றொடர் தோன்றுகின்றதே என்று தலையைச் சொறியும் முதலாண்டு மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர்.

தமிழ் இலக்கணத்தில் இதற்குத் துணை உண்டு. ‘கப்பல் வந்தால்’ என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் நிறுத்தமாட்டார். வினையெச்சம் முடிக்குஞ் சொல்லை வேண்டி நிற்கும். ‘இறக்குவோம்’ என்று முடித்தாலும், துறைமுகத்தில் வாழ்ந்து பழகிய எவரும் அடுத்துக் கேட்பது ‘வராவிட்டால்?’ என்பதே. ‘வந்தால்’ என்பதற்கு ‘தென்’. ‘வராவிட்டால்’ என்பதற்கு ‘கட்ச்’. இவ்வளவுதான். இவ்விடத்து ஓர் எச்சரிக்கை: ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் தொல்காப்பியத்தில் உள்ளது என்று மேடையேறிப் பேச முற்படுவோர், தயவுசெய்து இக்கட்டுரையைத் துணைக்கழைக்காதிருப்பாராக. எச்சவியல் கூறுவது சொற்றொடரின் நிறைவை. வலையிணைப்பு அறுந்தால் என்ன செய்வதென்று அது கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அதற்கில்லை. மொழி தரும் துணை வேறு. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்ற பெருமை வேறு. முன்னதைப் பயன்படுத்தாமல் பின்னதைப் பேசிக்கொண்டிருந்தமையாலேயே தமிழில் அறிவியற் கல்வி பல காலம் கைவிடப்பட்டுக் கிடந்தது.

‘அவெய்ட்’ தீர்த்துவைத்தது எதனை? ஒன்றனுள் ஒன்றாகப் புதைந்த அறிவுறுத்தல்களை மேலிருந்து கீழாக, உரைநடைபோல் எழுதும் வசதியை அது தந்தது. இது சிறு பயனன்று. ஆனால் அது நிரலை நிறுத்துவதில்லை. அச்சொல் எழுதப்பட்ட சார்பு மட்டும் அவ்விடத்தில் இடைநின்று, வேலையாளை விடுவித்து, விடை வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றது. விட்ட இடத்துக்கும் தொடர்ந்த இடத்துக்கும் இடையில் உலகம் நகர்ந்திருக்கும். ‘இங்கே நிரல் காத்திருக்கின்றது’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியர், அந்த இடைவெளியை மாணவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றார்.

இடைவெளியில் நிகழ்வது யாது? கடல்மட்டப் பக்கத்தில் ஊரைத் தெரிவுசெய்யும் வசதி உள்ளதெனக் கொள்க. பார்ப்பவர் முதலிற் கொழும்பைத் தெரிவுசெய்கின்றார். உடனே மனம்மாறித் திருகோணமலையைத் தெரிவுசெய்கின்றார். இரண்டு வினவல்கள் சென்றுவிட்டன. பின்னர் சென்றதன் விடை முந்தி வந்து திரையில் அமர்கின்றது. முந்திச் சென்றதன் விடை தாமதித்து வந்து அதன்மேல் எழுதப்படுகின்றது. தலைப்பில் திருகோணமலை, கீழே கொழும்பின் கடல். இரண்டு வினவல்களுக்கும் முன்னால் ‘அவெய்ட்’ ஒழுங்காக எழுதப்பட்டே இருந்தது. ஒவ்வொரு வினவலுக்கும் ஓர் இலக்கமிட்டு, வரும் விடை இறுதி இலக்கத்துக்குரியதா என்று பார்த்து, அன்றெனில் எறிந்துவிடுதல் இதற்கு எளிய வழி. பழைய வினவலை இரத்துச் செய்யும் வசதியும் இன்றைய உலாவிகளில் உண்டு. மூன்று வரி மிகுதியாக எழுதவேண்டும். அம்மூன்று வரியையும் எந்த நான்குவரிப் பாடமும் சொல்லித்தருவதில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் 8.6 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தபோது இலங்கைக் கரையோர மக்களை வெளியேறுமாறு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பேரலை எழவில்லை; எச்சரிக்கை பின்னர் நீக்கப்பட்டது. எச்சரிக்கை ஒரு விடை. நீக்கம் மற்றொரு விடை. இவ்விரண்டையும் அனுப்பிய வரிசையிற் காட்டாது வந்துசேர்ந்த வரிசையிற் காட்டும் பக்கமொன்று, நீக்கிய எச்சரிக்கையை மீண்டும் எழுப்பும். வரிசை தலைகீழாகக் கேடு நேர்வதும் எளிதே: முன்னர் அனுப்பிய ‘ஆபத்து இல்லை’ பிந்தி வந்து, பின்னர் அனுப்பிய ‘வெளியேறுக’ என்பதை மூடிவிடும்.

தோல்வியைக் கையாளுதல் இதனிலும் இழிந்த நிலையில் உள்ளது. ‘கட்ச்’ என்று எழுதி அதன் வளைவுக்குள் எதுவும் எழுதாது விடும் வழக்கம் மாணவரிடையே பெருவழக்கு. பிழைச்செய்தி தோன்றினால் மதிப்பெண் குறையும். வெற்று வளைவு அதனை விழுங்கிவிடும். ஆகவே அது நல்ல நிரல். நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு முனகல் நின்றது, நோய் நீங்கிற்று என்பது போன்றதே இது. இதனோடு, ‘ஃபெட்ச்’ என்னும் வினவற் சார்பின் ஓர் இயல்பும் சேர்ந்துகொள்கின்றது. தொலைவிலுள்ள பொறி ‘நீர் கேட்டது இங்கில்லை’ என்று 404 என்ற குறியுடன் மறுமொழி அனுப்பினாலும், தன்னுள்ளே உடைந்துபோய் 500 என்ற குறியுடன் அனுப்பினாலும், அச்சார்பு அதனைத் தோல்வியெனக் கொள்வதில்லை. மறுமொழி வந்ததல்லவா, அதுவே நிறைவு என்று கொள்கின்றது. குறியைப் பார்ப்பது நிரலாளர் கடமை. பாராதவர் மறுப்புக் கடிதத்தை உறை பிரியாமலே நியமனக் கடிதமெனச் சட்டமிட்டு மாட்டுகின்றார். இவ்வாறு விழுங்கப்படும் தோல்விகளின் கேட்டினை உணர்ந்தே, உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் என்னும் இயங்குதளம் 2020 இல் வெளியான தன் 15 ஆம் பதிப்பிலிருந்து, எவரும் ஏற்காத மறுப்பு ஒன்று நேரின் நிரலையே நிறுத்திவிடுவதை இயல்பு நிலையாக்கிற்று. பதினோராண்டு பட்டறிவு கற்பித்த பாடம் அது. உலாவியிலோ இன்றும் அது ஒருவரும் திறந்து பாராத பதிவேட்டிற் சிவப்பு வரியாக மட்டும் நின்றுவிடுகின்றது.

பல வினவல்களை ஒருங்கே அனுப்பும்போது இக்குறை பெருகுகின்றது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களிற் பிரித்தானியர் கட்டிய தாங்கிகளுள் எஞ்சியவை 99. ஒவ்வொரு தாங்கியினதும் எண்ணெய் அளவை வினவும் நிரலொன்றைப் பயிற்சிக்காக எழுதுவதாயின், ஒன்றன்பின் ஒன்றாக ‘அவெய்ட்’ இட்டுக் கேட்பவர், ஒரு விடைக்கு ஒரு வினாடி எனினும் 99 வினாடி காத்திருப்பார். ஒருங்கே அனுப்பினால் மிக நீண்ட ஒரு விடைக்குரிய காலமே ஏறத்தாழப் போதும். ஒருங்கே அனுப்பி விடைகளைச் சேர்த்துப் பெற ‘பிராமிஸ் ஓல்’ உண்டு. அதுவோ 98 தாங்கிகள் அளவு சொல்லி ஒன்று மட்டும் மறுத்தாலும், மொத்தத்தையும் மறுப்பாகத் தரும். அதற்கு அஞ்சிய மாணவர் ஒவ்வொரு மறுப்பையும் பூச்சியமாக மாற்றிக் கூட்டுகின்றார். கூட்டுத்தொகை கிடைத்துவிடும், அது எதன் கூட்டுத்தொகை என்பதுதான் எவர்க்கும் தெரியாது. 2020 ஆம் ஆண்டுத் தரநிருணயத்திற் சேர்ந்த ‘ஓல் செற்றில்ட்’ ஒவ்வொரு வினவலின் முடிவையும், நிறைவா மறுப்பா என்ற குறிப்போடு, தனித்தனியே தருகின்றது. ‘98 தாங்கிகளின் கூட்டு இவ்வளவு, ஒன்றிலிருந்து விடையில்லை’ என்று எழுதுவதற்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு.

விடையின்மையை விடையாகக் கொள்வதன் முழு விலையையும் இக்கரை ஒருமுறை கொடுத்திருக்கின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, அன்று நடைமுறையிலிருந்த இலங்கை நேரப்படி காலை 6.58 மணியளவிற் சுமாத்திராவின் மேற்குக் கடலடி பிளந்தது. ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது அறிக்கை. அது உண்மை. இந்து சமுத்திரக் கரைகள் அந்நிலையத்தின் பொறுப்பில் இருக்கவில்லை. அக்கடலின் மட்டத்தை உடனுக்குடன் அறியப் போதிய மானிகளும் இருக்கவில்லை. அறிந்ததைக் கரையிலுள்ளோர்க்குச் சேர்ப்பிக்க ஒழுங்கமைப்பும் இருக்கவில்லை. கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கால இடைவெளி முழுவதும் இக்கரையில் நிலவியது மௌனம். ஆபத்து இல்லை என்று எவரும் இக்கரைக்குச் சொல்லவில்லை. ஆபத்து உண்டென்றும் சொல்லவில்லை. சொல்லப்படாமை இல்லாமையாக வாசிக்கப்பட்டது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னரே 2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை அமைப்பும், திருகோணமலை மானியும் வந்தன. மானி வந்தபின்னும், அதன் விடை வாராத வேளையிற் பூச்சியத்தைக் காட்டும் பக்கமொன்றை எழுதுபவர், அந்தப் பழைய மௌனத்தையே இலக்கமாக்கித் திரையில் ஏற்றுகின்றார்.

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை சில. இக்காலத்து நிரல்நூலகங்கள் இவற்றையெல்லாம் தாமே பார்த்துக்கொள்கின்றன என்பது ஒன்று. அவை பார்த்துக்கொள்வதில்லை, பார்ப்பதற்கு வசதி செய்து தருகின்றன. ‘காத்திருப்பு’, ‘பிழை’, ‘தரவு’ என மூன்றையும் தட்டிலிட்டு நீட்டும் நூலகத்திலிருந்து ‘தரவு’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் தொடாது விடும் நிரல்கள் எத்தனை என்பதைச் செய்முறை வகுப்பு நடத்துவோர் அறிவர். சுழலும் சக்கரத்தைக் காட்டினாற் போதாதா என்பது மற்றொன்று. கால எல்லையின்றிச் சுழலும் சக்கரம், ‘வராது’ என்பதை ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் பொய். அதுவும் பொய்தான்; சற்று நாகரிகமான பொய். பயனர்க்கு வேண்டியது எண். இந்நுட்பங்கள் அவரைக் குழப்பும் என்பது மூன்றாவது. இதனைக் கூறுவோர் தம் ஊர் மக்களைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். 2009 இற் பாலம் திறக்கப்படுமுன்னர் கிண்ணியாத் துறையடியிற் பாதைக்காகக் காத்து நின்றவர்களுக்கு, ‘அக்கரையில் நிற்கிறது’ என்பதும் ‘இன்று ஓடாது’ என்பதும் வேறு வேறு செய்தி என்பதை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ‘கடைசியாகக் கிடைத்த அளவு இது, காலை 8.10 மணிக்குரியது, அதன்பின் மானியிலிருந்து விடையில்லை’ என்ற ஒரு வரியைத் திருகோணமலையில் விளங்காதவர் யார்?

இல்லாமைக்குப் பலவகை உண்டென்பதைத் தரவுத்தள இயலின் முதல்வரே உணர்ந்திருந்தார். தொடர்புடைமைத் தரவுத்தளக் கொள்கையை 1970 இல் முன்வைத்த எட்கர் கொட், பின்னர் 1990 இல் வெளியிட்ட நூலில், பெறுமானம் உண்டு ஆனால் அறியப்படவில்லை என்பதற்கு ஒரு குறியும், பெறுமானம் பொருந்தாது என்பதற்கு வேறொரு குறியும் வேண்டுமென வாதித்தார். உலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. ஒரே வெறுமைக் குறியோடு நின்றுவிட்டது. அவ்வெறுமையையும் இன்றைய நிரலாளர் பூச்சியமாக்கிவிடுகின்றனர் என்பது வேறு கதை.

கணனிக்கு வெளியே இந்நாட்டில் இவ்வேறுபாடு சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. போர்க்காலத்திற் காணாமற் போனோரின் குடும்பங்களுக்கு நெடுங்காலம் அரசு நீட்டியது இறப்புச் சான்றிதழ் ஒன்றையே. ஏற்றால் இறந்தார் என்று ஒப்புவதாகும். மறுத்தால் காணி, வங்கிக் கணக்கு என ஒன்றும் நகராது. ஏற்க மறுத்துப் பல ஆண்டு அலைந்த தாய்மார் இம்மாவட்டத்திலும் உளர். 2016 இற் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்றொன்றைப் புகுத்திற்று: இறந்தார் என்றும் சொல்லாமல், இருக்கின்றார் என்றும் சொல்லாமல், விடை இன்னும் வரவில்லை என்பதையே ஒரு நிலையாகப் பதியும் ஆவணம். அது அக்குடும்பங்களின் வினாவுக்கு விடையாகவில்லை. அவர்கள் அதனை விடையென ஏற்கவும் இல்லை. ஆயினும் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் போதா, மூன்றாவது வேண்டும் என்பதை அரசொன்று ஏற்க இத்தனை ஆண்டும் இத்தனை கண்ணீரும் தேவைப்பட்டன. நிரலொன்றின் சிறு வழுவை அவர்தம் துயரோடு ஒப்பிடுதல் முறையன்று. ஆனால் நாளை அத்தகைய பதிவேடுகளுக்கு வினவற் பக்கங்கள் எழுதப்போவோர் இன்று விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருப்போரே. பெயரைத் தட்டச்சிட்டு வினவும் முதிய பெண்ணொருவருக்கு, இணைப்பு அறுந்த கணத்தில், ‘அப்பெயரில் எவரும் இல்லை’ என்று அப்பக்கம் சொல்லுமாயின் அதற்குப் பொறுப்பு யாருடையது?

பாடத்திட்டத்தை முற்றாக மாற்றவேண்டும் என்பதன்று கோரிக்கை. முதலாண்டுச் செய்முறைத் தேர்வில் ஒன்றைச் செய்தாற் போதும். மாணவர் தம் நிரலை ஓட்டிக் காட்டுகின்றார், எண் தோன்றுகின்றது, தேர்வாளர் மதிப்பெண் இட எழுதுகோலை எடுக்கின்றார். எழுதுமுன் அவர் எழுந்து சென்று, கணனியின் பின்புறத்திலுள்ள வலைவடத்தைக் கழற்றிவிட்டு, மீண்டும் ஒருமுறை ஓட்டுமாறு சொல்லி, ‘வராவிட்டால்?’ என்று மட்டும் கேட்டு, திரையில் என்ன தோன்றுகின்றது என்று பார்க்கட்டும். தோன்றுவது பூச்சியமாயின், இடவேண்டிய மதிப்பெண்ணும் அதுவே.